கிளஸ்டர் திட்டம்: மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறுமா?

இங்கே மதிப்புரைக்கு எடுத்துக்கொண்ட சரக்கு எந்தக் கடை அலமாரியிலும் இருக்காது. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பமாகக் கிடைக்கும். முழுப் பெயர் குறு மற்றும் சிறு தொழில்கள் தொகுப்பு மேம்பாட்டுத் திட்டம். புழக்கத்தில் கிளஸ்டர் ஸ்கீம். ஒரே தொழில் செய்கிற 20 பேராவது சேர்ந்து வந்தால், தனித்தனியாக வாங்க முடியாத இயந்திரங்களைப் பொது வசதி மையம் ஒன்றில் நிறுவ மத்திய அரசு மானியம் தருகிறது. இதற்குப் பங்காளிகளாக இன்னும் இரண்டு மத்திய அரசு மானியத் திட்டங்கள்: கைவினைஞர்களுக்கு ஸ்ஃபூர்த்தி, குறு உணவுத் தொழிலுக்கு பி.எம்.எஃப்.எம்.இ. நீலகிரியில் தேயிலைத் தூள் தயாரிப்பவர், வர்க்கி சுடுபவர், தைலம் காய்ச்சுபவர், எம்பிராய்டரி போடுபவர் ஆகியோரில் யாருக்கு எது தோதுப்படும் என்பதுதான் கேள்வி.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தனி ஆள், உணவுத் தொழில், தேவை 10 லட்ச ரூபாய் சுற்றளவில் ஓர் இயந்திரம் என்றால் பி.எம்.எஃப்.எம்.இ. போதும். கைவேலைக் குழு என்றால் ஸ்ஃபூர்த்தி நல்லது, ஆனால் கட்டடத்துக்காக அதைக் கேட்காதீர்கள். பெரிய கிளஸ்டர் ஸ்கீமுக்கு மலையில் பத்துக்கு ஐந்து. அந்த ஐந்தும் கட்டடம் எழும்புவதற்கு முன்னால் வரும் கட்டத்துக்குத்தான்.

சரக்கு தயாரான இடம்

எந்த மானியத்துக்கும் பின்னால் ஒரு கோட்பாடு ஒளிந்திருக்கும். அது எந்த ஊரைப் பார்த்து எழுதப்பட்டது என்று தெரிந்தால் நம் ஊரில் எங்கே இடிக்கும் என்பதும் தெரிந்துவிடும். கிளஸ்டர் கோட்பாட்டின் மூலவர் ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல். 1890இல் இங்கிலாந்தின் தொழில் ஊர்களைப் பார்த்து மூன்று காரணங்கள் சொன்னார். ஒரே தொழில் ஓர் ஊரில் குவிந்தால் அந்த வேலை தெரிந்த ஆட்கள் அங்கேயே கிடைப்பார்கள். அதற்குத் துணையான பட்டறைகளும் தரகர்களும் தானாக முளைப்பார்கள். தொழிலின் நுணுக்கம் யாரும் பாடம் நடத்தாமலே காற்றில் பரவும். எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் கழித்து பெக்கட்டினி போன்ற இத்தாலியப் பொருளாதார அறிஞர்கள், பிராட்டோவின் கம்பளித் துணி, சஸ்ஸுவோலோவின் ஓடு போன்ற சிறு ஆலை ஊர்களை அதே கண்ணால் பார்த்தார்கள். 1990இல் அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் அதை நாடுகளின் போட்டித் திறனாக மாற்றி எழுதினார். கிளஸ்டர் என்ற சொல் அமைச்சர்கள் வாயில் புழங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இந்தியாவுக்கு அது வந்த வழியும் தெளிவானது. தொண்ணூறுகளின் பின்பாதியில் ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பு திருப்பூர், லூதியானா, ஜெய்ப்பூர் போன்ற இடங்களில் முன்னோட்டமாகக் கிளஸ்டர் வேலை செய்தது. 1997இல் அபித் உசேன் குழு, சிறுதொழிலை ஒதுக்கீட்டால் காப்பாற்றுவதைவிடத் தொகுப்பாக வளர்க்க வேண்டும் என்ற திசையைக் காட்டியது. 1998இல் தொழில்நுட்ப மேம்பாட்டுத் திட்டம் ஒன்று வந்தது. 2003இல் அதன் பெயரிலேயே கிளஸ்டர் ஏறியது. 2007இல் இப்போதைய பெயர்.

வருகிற வழியில் ஒன்று உதிர்ந்துவிட்டது. மார்ஷலின் மூன்று காரணங்களில் தணிக்கைக்குக் காட்டக்கூடியது துணைப் பட்டறை மட்டும்தான். அதற்கு இயந்திரம், கட்டடம், ரசீது எல்லாம் உண்டு. காற்றில் பரவும் நுணுக்கத்துக்கு டெண்டர் விட முடியாது. அதனால் கோட்பாட்டில் மூன்றில் ஒன்றாக இருந்தது, திட்டத்தில் பணத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது.

குன்னூரின் ரோலர் பட்டறை

கோட்பாடு சொல்லும் கிளஸ்டர் நீலகிரியில் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் அதற்கு அந்தப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். சிறு தேயிலை விவசாயிகளின் முதல் கூட்டுறவு ஆலை குந்தாவில் 1962இல் வந்தது. குன்னூரில் தேயிலை ஏலம் 1963 முதல் நடக்கிறது. கூட்டுறவு ஆலைகளுக்கான இணையமான இன்ட்கோசர்வ் 1965இல் பிறந்தது. இன்று அதன்கீழ் 16 ஆலைகள், சுமார் 30,000 உறுப்பினர்கள். போர்ட்டர் எழுதுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே தொகுப்பு, பொது வசதி, சந்தை மூன்றும் மலையில் இருந்திருக்கின்றன.

கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியது சி.டி.சி. ரோலர் தீட்டும் லேத் பட்டறை. சி.டி.சி. இயந்திரத்தில் பல் வெட்டிய இரண்டு எவர்சில்வர் உருளைகள் எதிரெதிராகச் சுழலும். ஒன்று மெதுவாகவும் மற்றது அதைப்போல 10 மடங்கு வேகமாகவும் ஓடும். அந்த வேக வித்தியாசத்தில்தான் இலை அறுபட்டு, கிழிந்து, சுருண்டு விழுகிறது. ஓர் அங்குலத்துக்கு 8 அல்லது 10 பல் என்பது வழக்கமான கணக்கு. பல் மழுங்கினால் இலை அறுபடாது, நசுங்கும். தூள் தட்டையாகி எடை குறையும், நார் மேலே வரும், டிகாக்ஷன் மங்கும். ரோலரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பி லேத்தில் ஏற்றிப் பழைய பல்லைச் சீவிவிட்டுப் புதுப் பல் வெட்டுவார்கள். ஒவ்வொரு தீட்டுக்கும் விட்டம் கொஞ்சம் குறையும். ஜோடியில் இரண்டு ரோலரும் ஒரே ஆழத்தில், ஒரே பல் கணக்கில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் தீட்டிக் கொண்டுவந்து பழையதோடு மாட்டினால் பல்லோடு பல் உட்காராது; இரண்டும் கெடும்.

ரோலரைக் கொண்டுவந்து இறக்கும்போது பட்டறைக்காரர் முதலில் தேய்ந்த பல்லைத் தடவிப் பார்ப்பார். ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் இலை ஒரு பக்கமாகவே கொட்டியிருக்கிறது. நடுவில் பள்ளம் என்றால் கன்வேயரில் இலை பரவவில்லை. பல் உடைந்திருந்தால் இலைக்குள் கல்லோ ஆணியோ வந்திருக்கிறது, இலைச் சல்லடைக்குப் பக்கத்தில் காந்தம் இல்லை. பத்து ஆலையின் ரோலரைப் பார்ப்பவருக்குப் பத்து ஆலையின் நோயும் தெரியும். மார்ஷல் சொன்ன காற்று இதுதான்.

இப்போது விண்ணப்பங்களில் பொது வசதி மையத்துக்கு எளிதாகத் தோன்றும் இயந்திரம் எது என்று பாருங்கள்: ரோலர் தீட்டும் லேத். அதை அரசு மானியத்தில் ஓரிடத்தில் வைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். மையத்தில் தேர்ந்த கை இல்லாமல் ரோலர் கெடும். அல்லது தனியார் பட்டறையின் கை மையத்துக்குப் போய், பட்டறை மூடும். கிளஸ்டரை வளர்க்க வந்த பணம் கிளஸ்டரில் இருந்ததை அடித்துவிட்டுப் போகும். திட்ட அறிக்கை எழுதுகிற ஆலோசகர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார்கள். உறுப்பினர் ஆலைகளை எண்ணுவார்கள், பட்டறையை எண்ண மாட்டார்கள். உறுப்பினர் பட்டியலில் அதன் பெயர் இருக்காதே.

விலையும் விதியும்

பெரிய திட்டத்தின் 2022 வழிகாட்டுதலின்படி 5 கோடி முதல் 10 கோடி ரூபாய் வரையுள்ள பொது வசதி மையத்துக்கு மத்திய மானியம் 70 சதவீதம். 10 கோடி முதல் 30 கோடி வரை 60 சதவீதம். கணக்கு போட்டுப் பார்ப்போம். 6 கோடி ரூபாய் மையம் என்றால் மத்திய மானியம் 4.20 கோடி. உறுப்பினர்கள் 10 சதவீதம் போடுவதாக வைத்துக்கொண்டால் 60 லட்சம். மீதி 1.20 கோடிக்கு மாநில அரசின் பங்கை நம்ப வேண்டும். 20 உறுப்பினர்கள் என்றால் தலைக்கு 3 லட்சம். இதுவரை கேட்கச் சுகமாகத்தான் இருக்கும்.

இடிப்பது அடுத்த வரியில். மானியம் கட்டுவதற்கு, நடத்துவதற்கு அல்ல. ஒரு மேலாளர், இயந்திரம் ஓட்ட இரண்டு பேர், மின்சாரம், காவல், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் ஒன்றரை லட்சம் என்று உதாரணத்துக்கு வைத்தால் வருடம் 18 லட்சம். அதை 20 பேர் பகிர்ந்தால் தலைக்கு மாதம் 7,500 ரூபாய், இயந்திரத்தைத் தொட்டாலும் தொடாவிட்டாலும். முதல் வருடம் எல்லோரும் கொடுப்பார்கள். இரண்டாம் வருடம் மையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஏழெட்டுப் பேர் மட்டும் பயன்படுத்துவார்கள், தூரத்தில் இருப்பவர்கள் கட்டணம் நிறுத்துவார்கள். பயன்படுத்துபவர்களின் பங்கு ஏறும். மையம் பூட்டிக் கிடப்பது இந்த வரிசையில்தான்.

நடைமுறை இப்படி: உறுப்பினர் எல்லோரும் குறு, சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு வைத்திருக்க வேண்டும். மாவட்டத் தொழில் மையம் வழியாக முதலில் தொகுப்பின் குறைகளைக் கண்டறியும் நோயறி ஆய்வு அறிக்கை. பிறகு பயிற்சி, கண்காட்சிப் பயணம் போன்ற மென் பணிகள்; இதற்கு இப்போது பணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு சிறப்பு நோக்க நிறுவனம். எவர் கையிலும் 10 சதவீதத்துக்கு மேல் பங்கு இருக்கக் கூடாது. பிறகு விரிவான திட்ட அறிக்கை, அதாவது டி.பி.ஆர். சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி அல்லது வேறு வங்கியின் மதிப்பீடு, மாநிலக் குழு, தில்லியில் வழிகாட்டுக் குழு, நிலம் நிறுவனத்தின் பெயரில், டெண்டர். தவணையாகப் பணம். இதில் எந்தப் படியையும் தாண்ட முடியாது. கோப்பு அதிக நாள் படுப்பது நிலத்தில்.

மலை மாவட்டம், மலை மாநிலம் அல்ல

வழிகாட்டுதலில் வடகிழக்கு, மலை மாநிலங்களுக்கு மானியம் கூடுதல். 70க்கு 80, 60க்கு 70. முன்னேற விழையும் மாவட்டங்களுக்கும் அதே சலுகை. ஸ்ஃபூர்த்தியிலும் அப்படியே: பொதுவாக 90 சதவீதம், மலை மாநிலங்களுக்கு 95. நீலகிரி முழுக்க மலை, கொடைக்கானல் தாலுகா முழுக்க மலை. ஆனால் தமிழ்நாடு மலை மாநிலம் அல்ல. முன்னேற விழையும் மாவட்டங்களாகத் தமிழ்நாட்டில் எடுத்தது ராமநாதபுரமும் விருதுநகரும். ஆகவே 2,000 மீட்டர் உயரத்தில் கட்டும் மையத்துக்கும் சமவெளி விகிதம்தான். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் தொகுப்புக்கான சலுகைக்குள் வர முடிகிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இது தெரியாமல் நடந்த பிழை என்று சொல்ல முடியாது. ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 1974-75இல் மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது நீலகிரி மாவட்டம் முழுவதும் அதில் இருந்தது. கொடைக்கானல் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலைத் திட்டத்தின் கீழ் வந்தது. அதாவது சாலைக்கும் மண்ணரிப்புக்கும் நீலகிரியை மலையாக எண்ணிய அதே தில்லி, தொழிலுக்கு எண்ணவில்லை. கோட்பாடு ஊர் ஊராகப் பயணிக்கிறது. அதைத் தூக்கிச் செல்லும் விதிப் புத்தகத்தில் அலகு மாநிலம். மார்ஷலின் அலகோ ஊர்.

குறைந்தபட்சம் 5 கோடி என்ற தொடக்கமும் இதே கதைதான். கோத்தகிரி பக்கம் நாலு கிராமத்துத் தைலம் காய்ச்சுபவர்களுக்கு 5 கோடியில் செய்ய என்ன இருக்கிறது? 40 லட்சத்தில் முடிகிற தேவையை 5 கோடியாக ஊதினால்தான் வாசலுக்குள் நுழைய முடியும். ஊதுவதற்கு எளிய வழி கட்டடம்.

மலையில் கட்டடம் என்பது தனிப் பாடம். மலைநகரக் கட்டட விதிகளில் உயரம் 7 மீட்டருக்கு மேல் போகாது. அளவு மீறினால் கட்டடக்கலை அழகியல் குழுவின் அனுமதி. இடத்தைப் பொறுத்து மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம், வனத்துறை. சரிவை வெட்ட மண்வாரி இயந்திரம் இறக்க ஆட்சியர் நிர்வாகத்தின் தனி அனுமதி. வெட்டிய பிறகு தடுப்புச் சுவர், அதில் தண்ணீர் வடிய ஓட்டை, பின்பக்கம் கல் நிரப்பு. இந்த ஓட்டை வைக்க மறந்த சுவர்தான் முதல் பெருமழையில் சரிவது. சமவெளி டி.பி.ஆரை நகலெடுத்தால் இவை எதுவும் மதிப்பீட்டில் இருக்காது. நிலமும் கட்டடமும் திட்டச் செலவில் குறிப்பிட்ட பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி; அதற்கு மேல் வரும் சுவர்ச் செலவு உறுப்பினர் தலையில் விழும். வழி இருக்கிறது: மூடிக் கிடக்கும் ஆலைக் கட்டடம், பழைய கிடங்கு நீண்ட குத்தகைக்குக் கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள். புதுக் கட்டடம் கடைசி வழி.

எதைப் பகிரலாம், எதைப் பகிர முடியாது

பொது வசதி மையத்துக்கு இயந்திரம் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் பாதிப் பிழை தவிரும்: உள்ளே போவது எவ்வளவு கனம், வெளியே வருவது எவ்வளவு கனம்?

தைலத்தை எடுங்கள். நூறு கிலோ தைல இலையைக் காய்ச்சினால் தோராயமாக ஒரு கிலோ எண்ணெய். மைய வடிகலன் வைத்தால் ஒரு கிலோவுக்காக 99 கிலோ சக்கையை லாரியில் ஏற்றி வளைவு வளைவாகக் கொண்டுவருகிறீர்கள். வடிகலன் இலை இருக்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும். மையத்தில் இருக்க வேண்டியது எண்ணெயைச் சோதிக்கும் கருவி. தைலத்தின் முக்கியக் கூறான சினியோல் எத்தனை சதவீதம், வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா என்று தாளில் போட்டுக் கொடுத்தால் அந்தத் தாளுக்கு விலை உண்டு. ஒரு சிறு குப்பி போதும், பஸ்ஸில் கொடுத்தனுப்பலாம்.

வர்க்கி இதற்கு நேர் எதிர். பிசைந்து புளிக்க வைத்த மாவு பயணம் தாங்காது, குளிரில் ஒரு வேகம், அறை சூடானால் ஒரு வேகம். பிசையும் இயந்திரத்தைப் பகிர முடியாது. பொட்டலம் கட்டும் இயந்திரத்தைப் பகிரலாம். ஊட்டியின் பனிமூட்ட மாதங்களில் வர்க்கி நமுத்துப்போவது அடுப்புக் கோளாறால் அல்ல, கவரின் தரத்தால். நல்ல தடுப்புப் படலம் உள்ள கவரை மொத்தமாக வாங்குவது மட்டுமே ஒரு கிளஸ்டருக்குப் போதுமான வேலை.

தேயிலைக்கு வேறு சிக்கல். பறித்த இலை காத்திருக்காது. அன்றே வாட்டுக்குப் போக வேண்டும். கொழுந்து குவியும் வாரத்தில் எல்லா ஆலைக்கும் ஒரே நாளில் பொது இயந்திரம் தேவைப்படும், பிறகு மாதக்கணக்கில் தேவையே இருக்காது. ஒரே பள்ளத்தாக்கில் 20 உறுப்பினர் சேர்த்தால் இந்த நெரிசல் நிச்சயம். ஆனால் கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை, கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்கு. இரண்டு பக்கத்து ஆலைகளையும் கலந்து சேர்த்தால் நெரிசல் பிரியும். ரோலர், கருவி போன்ற தூக்கிச் செல்லக்கூடிய பொருளுக்கு மட்டும் இது சரி; இலைக்கு ஆகாது. கோட்பாடு அருகாமையைப் போற்றுகிறது. மலையில் சில சமயம் தூரம்தான் உதவும்.

தோடர் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். வரைந்து தைப்பதில்லை, துணியின் இழையை எண்ணித்தான் ஊசி இறங்கும். வேலை நடப்பது அவரவர் மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், வீட்டு வேலைக்கு நடுவே. ஊட்டி நகரத்தில் கட்டடம் கட்டி 30 மேசை போட்டால் மேசைதான் இருக்கும். இழை சீராக நெய்யப்படாத துணி வந்தால் எண்ணிக்கை சரியாக இருந்தும் உருவம் கோணும். மாதக்கணக்கான வேலை வீண். ஆகவே இங்கே தேவை மூலப்பொருள் கிடங்கு: இழை எண்ணிக்கை சோதித்த துணி, சாயம் போகாத நூல். ஸ்ஃபூர்த்தியில் இதற்கு இடம் இருக்கிறது. 500 கைவினைஞர் வரை 2.5 கோடி, அதற்கு மேல் 5 கோடி என்பது அதன் உச்சவரம்பு; குறைந்தபட்சம் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மூன்று திட்டங்களில் மலைக்கு அளவு சரியாக இருப்பது இதுதான்.

பி.எம்.எஃப்.எம்.இ., ஜப்பானிலிருந்து

2020இல் வந்த இந்தத் திட்டத்தில் மானியம் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். கையிலிருந்து குறைந்தது 10 சதவீதம். 10 லட்ச ரூபாய் இயந்திரத்துக்கு உங்கள் பணம் 1 லட்சம், வங்கிக் கடன் 9 லட்சம், மானியம் 3.5 லட்சம். மானியம் கையில் வராது, வங்கியில் தனிக் கணக்கில் நிற்கும். 3 வருடம் தவணை தவறாமல் இருந்தால்தான் கடனில் கழியும். அந்தத் தொகைக்கு வட்டி போடக் கூடாது. போட்டிருக்கிறார்களா என்று கணக்குத் தாளில் பாருங்கள். சுய உதவிக் குழு உறுப்பினருக்கு விதை மூலதனம் 40,000 ரூபாய். நிலத்தின் விலை திட்டச் செலவில் சேராது. விண்ணப்பிக்கும் முன் திட்டக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

'ஒரு மாவட்டம், ஒரு பொருள்' என்பது இதன் கோட்பாடு. மூலம் ஜப்பானின் ஓயிட்டா மாகாணம். ஆளுநர் ஹிராமட்சு 1979இல் 'ஒரு கிராமம், ஒரு பொருள்' என்று தொடங்கினார். தாய்லாந்து 2001இல் எடுத்தது, உத்தரப் பிரதேசம் 2018இல், மத்திய அரசு 2020இல். ஆனால் ஆளுநர் பார்த்துக் கற்ற ஊர் ஓயாமா, நெல்லுக்கு நிலம் போதாத மலை ஊர். 1961இல் நெல் போடச் சொன்ன அரசுக் கொள்கையை ஒதுக்கிவிட்டு, பிளம்மும் செஸ்நட்டும் நட்டு ஹவாய் போவோம் என்று கிளம்பியவர்கள். அரசுப் பட்டியலை மறுத்ததில் பிறந்த யோசனை, நமக்கு அரசுப் பட்டியலாக வந்து சேர்ந்தது. கிராமம் மாவட்டமானதும் கவனிக்க வேண்டியது. உயரத்துக்கு உயரம் பயிர் மாறும் நீலகிரியில் ஒரு மாவட்டத்துக்கு ஒரு பொருள் என்பது, குன்னூர்ச் சட்டையைக் கூடலூருக்கும் போடுவது. உங்கள் பொருள் பட்டியலில் இல்லாவிட்டால் புது ஆலைக்கு இடம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

புவிசார் குறியீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீலகிரித் தேயிலைக்கு 2008இல் கிடைத்த குறியீடு, இலையை அறுக்காமல் உருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கு. சிறு விவசாயியின் இலை பெரும்பாலும் போவது சி.டி.சி. ஆலைக்கு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் கிடைத்தது; அங்கே குறியீடும் விளைவிப்பவரும் ஒரே பக்கம் இருப்பதால் பயன் அதிகம். பயனாளராகப் பதிவு செய்யும் விண்ணப்பக் கட்டணத்தை 2020இல் 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பத்து ரூபாய்க்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது.

ஆய்வு நிலையம் நிறைய, பேச்சு குறைவு

2005இல் டோட்லிங், டிரிப்பிள் என்ற இரண்டு ஆஸ்திரிய ஆய்வாளர்கள், எல்லா வட்டாரத்துக்கும் ஒரே புத்தாக்கக் கொள்கை ஆகாது என்று பிரித்துக் காட்டினார்கள். விளிம்பு வட்டாரங்களின் நோய், அமைப்புகள் மெலிந்து கிடப்பது என்றார்கள். நீலகிரிக்கு இந்தச் சட்டையும் சரியாக உட்காரவில்லை. குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம், தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கமான உபாசி, தேயிலை வாரியத்தின் அலுவலகம். வெலிங்டனில் கோதுமை ஆய்வு நிலையம். ஊட்டியில் மண் நீர்ப் பாதுகாப்பு மையம், தோட்டக்கலை நிலையம். முத்தோரையில் உருளைக்கிழங்கு நிலையம். இது மெலிவா? ஆனால் இவற்றில் பல மலைக்காக வந்தவை அல்ல, மலையின் குளிருக்காக வந்தவை. வெலிங்டனில் துருநோயைத் தாங்கும் கோதுமையைத் தேர்ந்தெடுத்தால் அது சமவெளிக்குப் போகும். முத்தோரை விதிவிலக்கு: நீலகிரியில் 1961இல் கண்டுபிடித்த நூற்புழுவுக்கு எதிராக குஃப்ரி ஸ்வர்ணா ரகத்தைக் கொடுத்தது. கேள்வி உள்ளூரிலிருந்து எழுந்தது, பதிலும் உள்ளூருக்கு வந்தது. மற்ற இடங்களில் கேள்வி கேட்கும் வழியே இல்லை. கிளஸ்டர் ஸ்கீமின் மென் பணிப் பணம் இந்த இடைவெளியில்தான் செலவாக வேண்டும். மாறாக அது வெளிமாநிலச் சுற்றுலாவாகவும் சான்றிதழ் வழங்கும் விழாவாகவும் கரைகிறது.

அந்தப் பணத்தில் செய்யத்தக்கது ஒரு பொதுச் சுவைப்பு மேசை. ஏலத் தரகரின் சுவைப்புக் குறிப்பு ஆலைக்கு வந்து சேரும்போது அந்தத் தூள் தயாராகிப் பல நாள் ஆகியிருக்கும். அதற்குள் அதே பிழையோடு பல லாட் ஓடியிருக்கும். வாரத்துக்கு இரண்டு காலை, பத்து ஆலைத் தூள், ஒரு சுவைப்பாளர், பக்கத்தில் ரோலர் பட்டறைக்காரர். தேவை: தராசு, வெள்ளைக் கோப்பைகள், கெட்டில், கடிகாரம். சர்வதேசத் தர முறைப்படி 100 மில்லிக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். ஒன்றை மறக்கக் கூடாது: குன்னூரின் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். வாங்குபவர் கொச்சியில் 100 டிகிரியில் ஊற்றுவார். இங்கே இளசாகத் தெரியும் டிகாக்ஷன் அங்கே கடுக்கும். மாதம் ஒருமுறை அதே சாம்பிளை மேட்டுப்பாளையத்தில் வைத்துச் சுவைத்து இரண்டு குறிப்பையும் ஒப்பிட வேண்டும்.

இதனால் என்ன கிடைக்கும் என்பதற்கு உதாரணக் கணக்கு: விலைப் பகிர்வில் இலைக்கு 65 பங்கு, ஆலைக்கு 35. 4.4 கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்று கொண்டால், தூள் விலை கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் இலைக்கு சுமார் 1 ரூபாய் 48 காசு ஏறும். நாளைக்கு 50 கிலோ இலை போடும் வீட்டுக்கு அது 74 ரூபாய். கோடியில் எழுதும் எந்த டி.பி.ஆரிலும் இந்த 74 ரூபாய்க்கு ஒரு வரி இருப்பதில்லை.

கையெழுத்துப் போடும் முன் டி.பி.ஆரில் மூன்று பக்கங்களை மட்டும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்: மூன்றாம் வருடத்தின் இயக்கச் செலவு, ஒரு தடவைப் பயன்பாட்டுக்குக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு வருவேன் என்று எழுதிக் கொடுத்த உறுப்பினர்களின் எண்ணிக்கை. 20 பேரில் 12க்குக் கீழே இருந்தால் பங்குத் தொகை 3 லட்சத்தைக் கட்டாதீர்கள்.